குடிவைத்துப் பார்த்தவர் யார்?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். இரண்டு காரியத்திலும் கையிருப்புக் கரைவதைக் கண்ணால் கண்ட அவர்கள், மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க மறந்துவிட்டார்கள்: "வீட்டில் குடிவைத்துப் பார்!"

வாசலில் 'டு லெட்' பலகையை மாட்டிய மறுநாளே உங்களுக்கு ஒரு விஷயம் விளங்கிவிடும். குடிவர ஆள் வருவதற்கு முன்னால் யோசனை சொல்ல ஆள் வந்துவிடும். எதிர் வீட்டு மாமா வருவார்; காலையில் பூங்காவில் உடன் நடப்பவர் வருவார்; சம்பந்தி வீட்டார் போனில் வருவார்கள்; கைபேசியைத் திறந்தாலோ, முன்பின் பார்த்திராத ஒரு கனவான் கோட்டு மாட்டிக்கொண்டு, வாடகையிலேயே கோடீஸ்வரராகும் வழியைச் சொல்லத் தயாராக நிற்பார். எல்லோரும் அடித்துத்தான் பேசுவார்கள். ஆனால் ஒருவர் சொல்வதற்கும் இன்னொருவர் சொல்வதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

இவர்களில் உண்மையாகவே குடிவைத்துப் பார்த்தவர் யார், பார்த்தவரிடம் கேட்டவர் யார், கேட்டவரிடம் கேட்டவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பொழுதுபோக்குக்காகக் கேட்கிற கேள்வி அல்ல இது. மாடிப் போர்ஷனை வாடகைக்கு விடுகிற எத்தனையோ பேர் பணக்காரர்கள் அல்ல. ரிடையரான சமயம் வந்த பணத்தில் மாடி எழுப்பி, அந்த வாடகையில் மருந்து மாத்திரை வாங்குகிறவர்கள். அந்த மாடியில் குடியிருப்பவரோ, சம்பளம் வந்ததும் முதல் வேலையாக வாடகையை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தில் குடும்பம் நடத்துகிறவர். ஒரு தப்பான யோசனை இந்த இரண்டு குடும்பங்களையும் ஒரே நாளில் சந்தி சிரிக்க வைத்துவிடும். ஆகவே, யோசனையை எடைபோடுவதற்கு முன்னால் யோசனைக்காரரை எடைபோடத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குச் சில உரைகற்கள் இருக்கின்றன.

பன்னிரண்டு மாதக் கணக்கு

"மாசம் 20,000 வாடகை. பன்னிரண்டு மாசத்துக்கு 2,40,000. பத்து வருஷத்தில் 24 லட்சம்!" என்று ஒருவர் கணக்குப் போட்டால், அவரை மரியாதையாக உட்கார வைத்து, காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். அவர் பள்ளிக்கூடத்தில் பெருக்கல் வாய்ப்பாடு நன்றாகப் படித்தவர். வீட்டுக்காரராக இருந்தவர் அல்ல.

வீட்டுக்காரராக இருந்தவர் வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம் என்று கணக்குப் போடமாட்டார். ஒரு குடித்தனம் காலி செய்து மறு குடித்தனம் வருவதற்குள் வீடு பூட்டிக் கிடக்கும் நாட்கள் அவருக்கு மனப்பாடம். அரை வருஷத்துக்கு ஒரு முறை சொத்து வரி, அதோடு தண்ணீர் வரி. காலி செய்தவுடன் வெள்ளையடிக்க வேண்டும். போர் மோட்டார் சுட்டுப்போய் ரீவைண்டிங்குக்குப் போகும். குளியலறைச் சுவரில் எங்கிருந்தென்று தெரியாமல் ஈரம் கசியும். பிளம்பர் ஓர் இடத்தைக் கொத்திப் பார்த்துவிட்டு, "இங்கே இல்லை சார்" என்று அடுத்த இடத்தைக் கொத்துவார். இந்தச் செலவுகள் வாய்க்கு வராத வரையில் அந்தக் கணக்கு வெறும் காகிதக் கணக்கு.

வருமான வரியிலும் ஒரு சின்னப் பரீட்சை வைக்கலாம். "ரிப்பேர் செலவுக்கெல்லாம் பில் வாங்கி வையுங்கள், அவ்வளவையும் வாடகை வருமானத்தில் கழித்துவிடலாம்" என்று ஒருவர் சொன்னால், சொந்த வீட்டை வாடகைக்கு விட்டு அதற்குக் கணக்குத் தாக்கல் செய்தவர் பேசுகிற பேச்சல்ல அது. வாடகையிலிருந்து, சொந்தக்காரர் செலுத்திய சொத்து வரியைக் கழித்த பிறகு, மீதியில் 30 சதவீதத்தைச் சட்டம் தானாகவே தள்ளுபடி செய்கிறது. நீங்கள் ஓர் ஆணி கூட அடிக்காவிட்டாலும் 30 சதவீதம்தான். கூரையையே மாற்றியிருந்தாலும் அதே 30 சதவீதம்தான். ஒரு முறை படிவம் பூர்த்தி செய்தவருக்கு இது மறக்காது.

தேதி கேளுங்கள்

அனுபவத்துக்கு ஒரு சுபாவம் உண்டு. அது தேதியோடு வரும். கேள்விஞானத்துக்குத் தேதி கிடையாது. அதில் எல்லாம் 'எப்போதும்', 'ஒருபோதும்' என்றுதான் இருக்கும்.

சென்னையில் வீடு விட்டிருப்பதாகச் சொல்லும் ஒருவரிடம், "2019 ஜூன் மாசம் தண்ணிக்கு என்ன பண்ணினீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் அனேகமாக வற்றிப்போய், நகரமே குடமும் கையுமாக நின்ற மாதம் அது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அந்தக் கோடையில் குடிவைத்திருந்தவர் எவரும் அதை மறந்திருக்க முடியாது. லாரிக்காரர் நள்ளிரவில் வந்தது, லாரிச் செலவில் யாருக்கு எத்தனை பங்கு என்று கீழ்வீட்டுக்கும் மேல்வீட்டுக்கும் வந்த மனத்தாங்கல், கடைசியில் ஒரு நோட்டுப் போட்டுக் கணக்கெழுதியது என்று நீங்கள் கேட்காத விவரமெல்லாம் கொட்டும். "தண்ணீர்ப் பிரச்சினையா? நல்ல குடித்தனக்காரராகப் பார்த்து வைத்தால் ஒரு பிரச்சினையும் வராது" என்று ஒருவர் பதில் சொன்னால், அந்தக் கோடையில் அவர் வேறெங்கோ குளிர்ச்சியாக இருந்திருக்கிறார் என்று அர்த்தம்.

இப்படியே 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிக் கேட்கலாம்; 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலைப் பற்றிக் கேட்கலாம். தரைத்தளத்தில் இடுப்பளவுத் தண்ணீர் நின்ற வீட்டை மறுபடி வாடகைக்கு விட்டவருக்கு, "வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா?" என்று கேட்கிற குடித்தனக்காரர், "வெள்ளம் வந்ததா?" என்று முதலில் கேட்க ஆரம்பித்த வருஷம் ஞாபகம் இருக்கும். 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தபோது என்ன நடந்தது என்றும் கேட்கலாம். தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகையைக் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று அதே மாதம் 29-ஆம் தேதி மத்திய அரசின் உத்தரவு வந்தது. அந்த ஏப்ரல் முதல் தேதி ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் ஒரு கதை.

இன்னொரு எளிய கேள்வியும் உண்டு: "எந்த மாசத்தில் வீடு காலியானால் நல்லது?" கேள்விஞானக்காரர், "எந்த மாசமானால் என்ன?" என்பார். அனுபவஸ்தர் விரலை மடக்கி எண்ணுவார். குடும்பக்காரர்கள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் வீடு தேடுகிறார்கள். ஆடி பிறந்துவிட்டால் பலர் குடிபோகமாட்டார்கள், மார்கழியும் அப்படியே. ஆனி கடைசியில் காலியான வீடு ஆவணி வரையில் பூட்டியே கிடக்கக்கூடும். இதை அவர் பஞ்சாங்கத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பாஸ் புத்தகத்தில் படித்திருக்கிறார்.

மூன்று யோசனைக்காரர்கள்

நங்கநல்லூரில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள் இருக்கிறார். கணவர் காலமாகிவிட்டார். பென்ஷன் கிடையாது. மாடிப் போர்ஷனில் வரும் 14,000 ரூபாய் வாடகைதான் ஜீவனம். மாடியில் கணவன், மனைவி, பத்தாம் வகுப்புப் படிக்கும் பையன். நான்கு வருஷமாக ஐந்தாம் தேதிக்குள் வாடகை கொடுத்து வந்தவர்கள்தான். ஒரு டிசம்பரில் அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். ஜனவரி வாடகை வரவில்லை. பிப்ரவரி வாடகையும் வரவில்லை.

அந்த அம்மாள் மூன்று பேரிடம் யோசனை கேட்டார்.

முதலாமவர் உறவுக்காரர். "மாடிக்குப் போகிற தண்ணி வால்வை மூடுங்கோ. ரெண்டே நாள், பணம் தானா வரும். இல்லேன்னா தானா கிளம்புவான்" என்றார். அவர் குரலில் இருந்த உறுதியைக் கேட்டால், வாழ்நாளெல்லாம் வால்வு மூடிப் பழகியவர் என்று தோன்றும். அவர் ஒருநாளும் எவருக்கும் வீடு விட்டவரல்ல.

இரண்டாமவர் பக்கத்துத் தெருக்காரர். "உடனே கிளப்புங்கள். வாடகை கொடுக்காமல் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டால் வீடே அவனுக்குச் சொந்தமாகிவிடும், தெரியுமில்லையா?" என்று பயமுறுத்தினார். அன்றிரவு அந்த அம்மாளுக்குத் தூக்கமில்லை.

மூன்றாமவர் மேற்கு மாம்பலத்தில் நான்கு போர்ஷன் வைத்திருக்கும் ஒரு முதியவர். அவர் எடுத்த எடுப்பில் யோசனை எதுவும் சொல்லவில்லை. கேள்விகள்தான் கேட்டார்.

"அட்வான்ஸ் எவ்வளவும்மா வாங்கினீங்க?"

"மூணு மாசம் சார். 42,000."

"அது பாங்க்கில இருக்கா, செலவாயிடுச்சா?"

"இருக்கு சார்."

"நல்லதாப் போச்சு. எழுத்தில ஒப்பந்தம் இருக்கா? போன வருஷத்து வாடகையெல்லாம் எந்தத் தேதியில கொடுத்தார்னு குறிச்சு வெச்சிருக்கீங்களா? பையனுக்குப் பரீட்சை எப்ப முடியறது? அவர் வேலை தேடறாரா, இல்லை உங்களைக் கண்டா ஒளியறாரா?"

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போதே அந்த அம்மாளுக்குப் பாதித் தெளிவு வந்துவிட்டது. முதியவர் சொன்ன யோசனை இதுதான்: "பரீட்சை நடுவில கிளப்பினா அவங்களுக்கும் கஷ்டம், மார்ச்ல குடும்பக்காரங்க யாரும் வரமாட்டாங்க, உங்களுக்கும் வீடு பூட்டிக் கிடக்கும். ஏப்ரல் கடைசியில காலி பண்றதா எழுதி வாங்குங்க. பாக்கியை அட்வான்ஸிலே கழிச்சுக்கறதா அதிலேயே எழுதுங்க. ஆனா ஒண்ணு, கடைசியில கொஞ்சம் நஷ்டம் உங்களுக்கு இருக்கும். எனக்கும் இருந்திருக்கு."

அப்படியே நடந்தது. நான்கு மாத வாடகை 56,000 ரூபாய். அட்வான்ஸ் 42,000 போக நின்ற 14,000-த்தில், காலி செய்யும்போது பாதியைக் கொடுத்தார்கள். மீதி 7,000 வரவில்லை. ஜூன் மாதம் புதுக் குடித்தனம் வந்தது. பையன் பரீட்சை எழுதிவிட்டான்.

மூன்று யோசனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வாசகர்களே! முதல் இரண்டு பேரும் பதிலோடு வந்தார்கள். மூன்றாமவர் கேள்வியோடு வந்தார். முதல் இரண்டு பேர் சொன்னதில் நஷ்டமே இல்லை. மூன்றாமவர் நஷ்டத்தை முன்கூட்டியே சொன்னார். முதல் இரண்டு பேருக்கும் மாடியில் இருந்தது ஒரு 'பார்ட்டி'. மூன்றாமவருக்கு அங்கே பரீட்சைக்குப் படிக்கும் பையன் ஒருவன் இருந்தான். கையைச் சுட்டுக்கொண்டவரின் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

சட்டம் எந்த வருஷத்தது?

அந்த முதல் இரண்டு யோசனைகளும் சட்டத்தின்படியும் தப்பு. இங்கேதான் அடுத்த உரைகல் வருகிறது. யோசனைக்காரர் எந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு பேசுகிறார் என்று கவனியுங்கள்.

தமிழ்நாட்டில் வீட்டு வாடகைக்கு நெடுநாளாக இருந்தது 1960-ஆம் வருஷத்துச் சட்டம். அது போய்விட்டது. அதன் இடத்தில் 2017-இல் இயற்றிய சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. இப்போது வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவு செய்ய வேண்டும். வேறு விதமாக இருவரும் ஒப்புக்கொண்டாலொழிய அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வீட்டைப் பார்க்க உள்ளே போவதானால் 24 மணி நேரம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். தண்ணீர், மின்சாரம் முதலிய அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. ஆக, வால்வை மூடச் சொன்ன உறவுக்காரர், பணம் வரவேண்டிய அந்த அம்மாளையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருப்பார். வாடகை பாக்கி நின்றால் நோட்டீஸ் கொடுத்து, வாடகை நீதிமன்றத்துக்குப் போக வழி இருக்கிறது. அது வால்வை மூடுவதைப் போல இரண்டு நாளில் முடியாதுதான். ஆனால் வழி அதுதான்.

"நியாய வாடகை நிர்ணயம் பண்ணச் சொல்லி மனுப் போடுவான், ஜாக்கிரதை" என்று ஒருவர் எச்சரித்தால், அவருடைய அனுபவம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது பழைய சட்டத்து அனுபவம். வெல்லம் பழசானால் மருந்துக்கு ஆகும். சட்டம் பழசானால் ஆகாது.

அதே மாதிரி, "சட்டப்படி இரண்டு மாத அட்வான்ஸ்தான்" என்று ஒருவர் சொன்னால், அவர் பத்திரிகைத் தலைப்பை மட்டும் படித்தவர். 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த மாதிரி வாடகைச் சட்டத்தில்தான் குடியிருப்பு வீடுகளுக்கு இரண்டு மாதம் என்று இருக்கிறது. அது ஒரு மாதிரி; மாநிலங்கள் ஏற்றுக்கொண்டால்தான் அங்கே சட்டம். தையற்காரர் கடையில் தொங்கும் மாதிரிச் சட்டையை நாம் போட்டுக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளலாமா?

பக்கத்துத் தெருக்காரர் கிளப்பிய பன்னிரண்டு வருஷப் பூதத்தையும் இங்கேயே ஓட்டிவிடுவோம். பிறர் நிலத்தைச் சொந்தக்காரருக்கு விரோதமாகத் தனதென்று பன்னிரண்டு வருஷம் அனுபவித்து வருகிற விவகாரம் 1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டத்தில் வருகிறது. குடித்தனக்காரரோ வீட்டுக்காரரின் சம்மதத்தோடு உள்ளே வந்தவர். குடியிருந்துகொண்டே, "குடிவந்தபோது இவர் வீட்டுக்குச் சொந்தக்காரர் இல்லை" என்று சொல்ல அவருக்குச் சாட்சியச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. பன்னிரண்டு வருஷம் வாடகைக்கு இருந்தார் என்கிற ஒரே காரணத்தால் வீடு கைமாறிவிடாது.

பதினோரு மாத ஒப்பந்தமும் இப்படி ஒரு மர்மமாகிவிட்டது. "பதினோரு மாதம் போட்டால் பன்னிரண்டாம் மாதம் வெளியே தள்ளிவிடலாம்" என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளரிடம் பதிய வேண்டும். அந்தச் செலவையும் அலைச்சலையும் மிச்சப்படுத்த வந்த பழக்கம்தான் பதினோரு மாதம். வெளியே தள்ளுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காரணம் தெரியாமல் வழக்கத்தை மட்டும் சொல்கிறவர், வேறொருவர் ஒப்பந்தத்தைப் பார்த்துப் பிரதி எடுத்தவர்.

கடல் கடந்து வந்த சரக்கு

சில யோசனைகள் உண்மையான அனுபவத்திலிருந்தே பிறந்தவை. ஆனால் பிறந்த ஊர் வேறு. அமெரிக்காவில் வீடு வாங்கி வாடகைக்கு விடுகிறவர்கள், 'ஒரு சதவீதக் கணக்கு' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். வீட்டு விலையில் நூற்றில் ஒரு பங்காவது மாத வாடகையாக வர வேண்டும் என்பது அது. இதை அப்படியே தமிழில் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் ஒரு கோடி ரூபாய் விலையுள்ள வீட்டுக்கு மாதம் ஒரு லட்சம் வாடகை கேட்டுப் பாருங்கள்! 'டு லெட்' பலகைக்கு வயதாகிவிடும். அதே வீட்டுக்கு 25,000 ரூபாய் கிடைத்தால், வருஷத்துக்கு விலையில் 3 சதவீதம் ஆகிறது. நம் ஊர்க்காரர் கணக்கு அந்த இடத்திலிருந்துதான் ஆரம்பமாகும்.

உள்ளூர்ச் சரக்குக்கு உள்ளூர் வாசனை இருக்கும். மாடிக்குத் தனி மீட்டர் வாங்கினீர்களா என்று அவர் கேட்பார்; ஒரே மீட்டரில் இரண்டு குடித்தனம் ஓடினால் யூனிட் ஏற ஏற விகிதமும் ஏறும், அந்த ஏற்றத்தை யார் தலையில் கட்டுவது என்ற சண்டை அவருக்குத் தெரியும். 'லீஸ்' என்று ஒரு பெருந்தொகையை மொத்தமாக வாங்கிக்கொண்டு வாடகையில்லாமல் குடிவைக்கிற வழக்கத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், வாங்குகிற நாளைப் பற்றிச் சொல்லமாட்டார். திருப்பிக் கொடுக்கிற நாளைப் பற்றித்தான் சொல்வார். பெண் கல்யாணத்துக்குச் செலவழித்துவிட்ட அந்தப் பணத்தை, குடித்தனக்காரர் வந்து நிற்கும் நாளில் எங்கிருந்து புரட்டுவது என்ற கவலை, பட்டவருக்குத்தான் தெரியும்.

யாருக்கு லாபம்?

யோசனை இலவசமாக வந்தாலும், அதனால் யாருக்கு லாபம் என்று ஒரு நிமிஷம் யோசித்துவிடுங்கள். தரகர் நூற்றுக்கணக்கான வீடுகளைப் பார்த்தவர். அவர் சொல்வதில் உண்மை இருக்கும். ஆனால் அவருக்குத் தரகு வருவது குடித்தனம் மாறும்போது. ஆகையால், "இவரை அனுப்பிவிடுங்கள், கூட 2,000 தருகிறவர் இருக்கிறார்" என்று அவர் சொன்னால், அந்த 2,000 ரூபாயைக் காலியாகக் கிடக்கப்போகும் ஒரு மாதத்தோடும், வெள்ளையடிக்கும் செலவோடும், தரகோடும் சேர்த்து வைத்துக் கணக்குப் போடுங்கள். கூட வரும் 2,000, வருஷத்துக்கு 24,000. போவது எவ்வளவு?

அடுக்குமாடி விற்கிறவர் வாடகை எளிதாக வரும் என்றுதான் சொல்வார். வாடகைக்கு விடுவதைப் பற்றிக் கட்டணம் வாங்கிக்கொண்டு பாடம் நடத்துகிறவரிடம், "உங்கள் வருமானத்தில் வாடகை எவ்வளவு, பாடம் எவ்வளவு?" என்று கேட்க வேண்டும். நீச்சல் சொல்லிக் கொடுப்பவர் எப்போதாவது தண்ணீரில் இறங்கினாரா என்று கேட்பதில் தவறென்ன?

அனுபவமும் போதாது

கடைசியாக ஒரு ஜாக்கிரதை. அனுபவஸ்தர் என்று தெரிந்துவிட்டாலே அவர் சொல்வதெல்லாம் வேதவாக்கு அல்ல.

முப்பது வருஷம் ஒரே குடித்தனக்காரரை வைத்திருந்தவருக்கு இருப்பது முப்பது வருஷ அனுபவம் அல்ல, ஒரே அனுபவம். அது நல்ல அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். இன்னொருவர் முதல் குடித்தனக்காரரிடமே சங்கடப்பட்டிருப்பார். அவர் பேச்சில் இருப்பது புத்திமதி அல்ல, ஆறாத புண். "இந்த வேலைக்காரர்களுக்கு விடாதே, அந்த ஜாதிக்காரர்களுக்கு விடாதே, இந்த மதத்தாருக்கு விடாதே, தனியாக இருக்கும் பெண்ணுக்கு விடாதே" என்று நீளமாக ஒரு பட்டியல் வாசிக்கிறவர்களும் உண்டு. "அப்படிப்பட்டவர்களுக்கு எத்தனை தடவை விட்டீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு தடவை கூட விட்டதில்லை என்பதுதான் பெரும்பாலும் பதிலாக இருக்கும். விடாமலே எப்படி அனுபவம் வந்தது? அது அனுபவத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த வெறுப்பு. நல்ல குடித்தனக்காரரை அந்தப் பட்டியல் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

மெய்யான அனுபவஸ்தர் மனிதரின் வகையைப் பற்றி அதிகம் பேசமாட்டார். பழைய வீட்டுக்காரரிடம் விசாரித்தாரா, வேலையைத் தெரிந்துகொண்டாரா, ஒப்பந்தம் எழுதினாரா, குடிவந்த அன்று சுவரையும் குழாயையும் படம் பிடித்து வைத்தாரா, வாடகைக்கு ரசீது கொடுக்கிறாரா என்று காரியத்தைப் பற்றித்தான் பேசுவார். அவர் வாயில் 'ஆனால்' என்ற சொல் அடிக்கடி வரும். "எனக்கு அப்படி நடந்தது, உங்களுக்கு எப்படியோ" என்று முடிப்பார். அப்படி முடிக்கிறவரை விட்டுவிடாதீர்கள்!

இத்தனை உரைகற்களிலும் உரைத்துப் பார்த்துச் சந்தேகம் தீரவில்லையானால், எல்லாவற்றையும்விட நிச்சயமான கல் ஒன்று பாக்கியிருக்கிறது. குடிவைப்பதைப் பற்றி உங்களுக்கு யோசனை சொல்பவருடைய வீட்டில் குடியிருப்பவரைப் போய்ப் பாருங்கள். எத்தனை வருஷமாக இருக்கிறார்கள், குழாய் உடைந்தால் எத்தனை நாளில் சரி செய்கிறார், அவர்களுக்கு முன்னால் இருந்தவர்களுக்கு அட்வான்ஸ் முழுசாகத் திரும்பியதா என்று விசாரியுங்கள். கைராசிக்கார வைத்தியரைத் தேடும்போது, அவர் மாட்டியிருக்கும் பலகையையா பார்க்கிறோம்? பிழைத்து எழுந்த நோயாளியைத்தானே கேட்கிறோம்!